விளங்காத மொழியில் ஒப்பமிட்டுக் கடலில் இறங்குவதா?

கொட்டாஞ்சேனையில் வாழும் நமது வாலிபர்கள் தாம் கடலுக்கு எத்துணை அண்மையில் வாழ்கின்றனர் என்பதைத் தாமே உணர்வதில்லை. ஜம்பட்டா வீதியிலிருந்து ஆறுதலாக நடந்தாலும் முகத்துவாரக் கடற்கரை எட்டாத தூரமன்று. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலைகள் நம் மாடிகளிலிருந்தே தெரிகின்றன. இரவில் கப்பல் ஊதும் ஒலி கேட்டே நம் பிள்ளைகள் உறங்குகின்றனர். ஆயினும், அக்கடலினுள்ளே என்ன இருக்கின்றதென்று ஒருமுறையேனும் முகந்தாழ்த்திப் பார்த்தவர் நம்மில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் பகுதி வாலிபர் சங்கத்தினர் எண்மர் என் அலுவலகத்துக்கு வந்திருந்தனர். வழக்கெதுவும் இல்லை; தேர்தல் வேலையும் இல்லை. “அண்ணை, இந்த வருசமும் நிலாவெளிக்குப் போவம். முருகைக்கல் பார்க்கவேணும். ஆனால் போன முறை மாதிரி வேண்டாம்” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டனர். முதுகிலே காற்று உருளையைச் சுமந்து, வழிகாட்டி ஒருவரோடு கடலுக்குள் சுழியோடி, முருகைக்கற்பாறைகளைக் கண்டு மீளும் ஒருநாட் பயணம் அது. அதனைத் திட்டமிடும் பொறுப்பு இம்முறையும் என் தலையில் வந்து விழுந்தது. போன முறை நடந்த பிழையில் எனக்கும் பங்குண்டு. ஆதலின் மறுக்க இயலவில்லை.

‘மக்கள் அரிசி விலையாலும் வீட்டு வாடகையாலும் நசுங்குண்டு கிடக்கும்போது, கடலடியில் மீன் பார்க்கும் பொழுதுபோக்கைப் பற்றி அரசியற் பத்திரிகையில் எழுதுவானேன்?’ எனச் சில அன்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. பொழுதுபோக்கைப் பற்றி மட்டும் எழுதுவதாயின் நானும் பேனாவைத் தொட்டிரேன். நான் எழுத வந்தது வேறு. ஒரு மனிதன் தன் உயிரைப் பணயம் வைத்து நீருக்குள் இறங்கும் முன், அதன் ஆபத்து அவனுக்கு எம்மொழியில் எடுத்துரைக்கப்படுகின்றது? அவன் எம்மொழியில் ஒப்பமிடுகின்றான்? அந்தக் கரையில் பிறந்து அந்தக் கடலையே உண்டு வளர்ந்தவனுக்கு அந்நாளின் கூலியில் என்ன பங்கு கிடைக்கின்றது? இவை அரசியல் அல்லவெனின், அரசியல் என்பது யாது?

இனி, போன முறை நடந்ததைக் கூறுகின்றேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் பன்னிருவர் நிலாவெளிக்குச் சென்றோம். கரையிலே ஒரு நிறுவனம் எம்மை ஏற்றுக்கொண்டது. அதன் பெயர் இங்கு வேண்டா. ஏனெனில், அது செய்ததையே இந்நாட்டின் கரையோரமெங்கும் பலரும் செய்கின்றனர். காலை எட்டு மணிக்கு நான்கு பக்கம் கொண்ட அச்சிட்ட படிவம் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் தரப்பட்டது. முழுவதும் ஆங்கிலம். எங்கள் வாலிபருட் பலர் தமிழ்மொழி மூலம் கல்வி கற்றவர்கள். கடைகளிலும் அச்சகங்களிலும் தொழில் செய்பவர்கள். வாசித்துப் பார்த்தவர் இருவரோ மூவரோ. மற்றவர்கள் பேனாவை வாங்கி, கோடிட்ட இடத்தில் ஒப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தனர். சட்டத்தரணியாகிய நான் என்ன செய்தேன் என்று வினவுகின்றீர்களா? நானும் ஒப்பமிட்டேன். வெயிலேறுமுன் படகேற வேண்டுமென்ற அவசரத்தில், என் கட்சிக்காரர் எவராவது செய்திருந்தால் ஒருமணி நேரம் கடிந்துகொண்டிருக்கக்கூடிய காரியத்தை நானே செய்தேன்.

பின்னர் விளக்கவுரை. பயிற்றுநர் கெட்டிக்காரர், பொறுமையுள்ளவர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் இருபது நிமிடம் பேசினார். கைச்சைகைகளைக் காட்டினார். எல்லோரும் தலையசைத்தோம். தலையசைப்பது நம் நாட்டில் விளங்கியதற்கு அடையாளமன்று, மரியாதைக்கு அடையாளம் என்பதை அவர் அறியார்.

ஆறு மீற்றர் ஆழத்தில், எங்கள் வாலிபர் ஒருவரை நோக்கி வழிகாட்டி ‘நலமா?’ என்ற பொருளில் சைகை காட்டினார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டும் சைகை அது. நலமெனில் அவ்வாறே வளையங் காட்டுதல் வேண்டும். எங்கள் வாலிபரோ பேருவகை கொண்டு பெருவிரலை உயர்த்திக் காட்டினார். மேடையிலும் ஊர்வலத்திலும் அவர் கண்டு பழகிய வெற்றிச் சைகை அதுதானே! நீருக்கடியில் அதற்குப் பொருள் ஒன்றேயொன்று: ‘மேலே போகவேண்டும்.’ வழிகாட்டி அவரை மேலே அழைத்து வந்தார். நீர்மட்டத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வினவினார். இவர் மறுபடியும் பெருவிரலை உயர்த்தினார். இருவரும் மீண்டும் இறங்கினர். மீண்டும் அதே கதை. மூன்றாம் முறை மேலே இழுக்கப்பட்டபோது, தனக்கு ஏதோ பெருங்கேடு நேர்ந்துவிட்டதென அஞ்சிய அவ்வாலிபர், நீருக்குள் அஞ்சியவன் இயல்பாகச் செய்வதையே செய்தார்: மூச்சை அடக்கிக்கொண்டார்.

இதன் பொருளை வாசகர்கள் அறிதல் வேண்டும். நீர்மட்டத்தில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் மேலும் ஒரு மடங்கு அழுத்தம் கூடுகின்றது. பத்து மீற்றர் ஆழத்தில் உருளையிலிருந்து உள்ளிழுத்து நிறைத்த மூச்சு, அடக்கப்பட்டபடியே நீர்மட்டத்துக்கு வருமாயின் இருமடங்காக விரியும். நுரையீரல் இருமடங்காக விரியாது, கிழியும். ஓரிரு மீற்றர் ஆழமே இதற்குப் போதுமானது. ‘மூச்சை ஒருபோதும் அடக்காதே’ என்பதே சுழியோடும் கலையின் முதல் விதி. அவ்விதி அன்று காலை எங்கள் வாலிபருக்குச் சொல்லப்பட்டதா? ஆம், சொல்லப்பட்டது, ஆங்கிலத்தில்.

தெய்வாதீனமாக மூக்கிலிருந்து சிறிது இரத்தமும் இரண்டு நாட் காதுவலியுமே மிஞ்சின. வைத்தியசாலையில் ஓரிரவு வைத்திருந்து அனுப்பினர். அவருடைய தாயாருக்கு நான் சொல்லிய சமாதானங்களை இங்கு எழுத வெட்கப்படுகின்றேன்.

படகிலே நடந்த மற்றொன்றையும் கூறவேண்டும். எங்களை ஏற்றிச் சென்ற ஓட்டி ஐம்பது வயதைக் கடந்தவர்; ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பவர். வாலிபர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கியிருந்தபோது, அவர் அருகில் அமர்ந்தார். “தம்பி, பெருவிரலைக் காட்டினால் மேலே கொண்டுபோ எண்டு அர்த்தம். நல்லாயிருக்கெண்டால் இப்பிடி வளையம் காட்டவேணும். மேலே வரேக்கை மூச்சைப் பிடியாதை. வாயாலை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு வா. காது அடைச்சால் மூக்கைப் பொத்தி ஊது, அப்பவும் திறக்காட்டில் இறங்காதை” என்றார். இருபது நிமிட விளக்கவுரை செய்யாததை ஐந்து வாக்கியங்கள் செய்தன. ‘ஐயா, நீங்கள் ஏன் வழிகாட்டியாக இறங்கவில்லை?’ என்று கேட்டேன். “எனக்குச் சேட்டிபிக்கற் இல்லை” என்றார்.

நிற்க. முதலில் அந்த ஒப்பத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கின்றதென்று பார்ப்போம், தொழில் விடாது.

வாசித்தாலும் வாசிக்காவிடினும் ஒப்பமிட்டவன் அதற்குக் கட்டுப்பட்டவனே என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய விதி. 1934இல் தீர்க்கப்பட்ட லெஸ்றேஞ்ச் எதிர் கிராக்கொப் என்ற வழக்கில், சிகரெட் விற்கும் இயந்திரமொன்றை வாங்கிய சிற்றுண்டிச்சாலைப் பெண்மணி, பொடியெழுத்தில் அச்சிட்ட நிபந்தனையை வாசியாமலே ஒப்பமிட்டார். இயந்திரம் ஓடவில்லை, வழக்கும் ஓடவில்லை. அந்தப் பெண்மணியின் நிலைதான் அன்று நிலாவெளிக் கரையில் எங்கள் பன்னிருவரின் நிலையும். ஆயினும் அவ்விதி அப்படியே நின்றுவிடவில்லை. இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் உண்டு. ஒரு தொழில் நடத்துபவன் தன் கவலையீனத்தால் விளையும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லையென்று படிவத்தில் எழுதி வாங்கித் தப்பிவிட முடியாது என்பதே அதன் சாரம். ஆகவே, ‘எனக்கு எது நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பன்று’ என்ற வாசகத்தில் ஒப்பமிட்டுவிட்டோமே என அஞ்சிக் காயம்பட்டவன் வாளாவிருக்க வேண்டுவதில்லை. இதனை நம்மவர் அறிதல் நன்று.

ஆனால், சட்டம் இழப்பீடு தரும், மூச்சைத் தராது. நான் அழுத்திக் கூற விரும்புவது இன்னொன்று. எச்சரிக்கை என்பது கேட்பவனுக்கு விளங்கினாலன்றி எச்சரிக்கையாகாது. நமது நாட்டில் தீங்கியல் வழக்குகளை ஆளும் உரோம டச்சுச் சட்டத்தின்படி, ‘நியாயமான கவனமுள்ள ஒருவன் இந்நிலையில் என்ன செய்திருப்பான்?’ என்பதே கேள்வி. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவனுக்கு ஆங்கிலத்தில் ஆபத்தை விளக்கி, அவன் தலையசைத்ததைச் சம்மதமெனக் கொண்டு, பன்னிரண்டு மீற்றர் ஆழத்துக்கு அவனை அழைத்துச் செல்பவன் கவனமுள்ளவனா? நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்குத் தோன்றி இதனை நியாயப்படுத்துமாறு என்னைக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன்.

அரசியலமைப்பின் நிலை என்ன? 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் தமிழை அரசகரும மொழியாக ஏற்காது விட்டதும், 1987இல் வந்த பதின்மூன்றாந் திருத்தம் ‘தமிழும் அரசகரும மொழி’ எனச் சேர்த்ததும் நாமறிந்தவை. அந்த அத்தியாயம் அரசையும் அதன் அங்கங்களையும் கட்டுப்படுத்துவது. கரையிலுள்ள தனியார் நிறுவனத்தை நேரே கட்டுப்படுத்தாது. உள்ளதை உள்ளபடி கூறிவிடுதல் நன்று. அதிகம் கூறிப் பின்னர் பின்வாங்குதல் நம் அரசியலில் போதிய அளவு நடந்துவிட்டது. ஆனால் புறாத்தீவு ஒரு தேசிய பூங்கா. அதனை நிருவகிப்பது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். நுழைவுச்சீட்டு அரசின் சீட்டு. அத்தீவுக்குள் சுழியோடுவதற்கும் நீந்துவதற்குமான பாதுகாப்பு விதிகளைத் தமிழில் தருமாறும், அங்கு தொழில் செய்ய அனுமதி பெறும் எவரும் தமிழிலும் விளக்கவுரை செய்தல் வேண்டுமென்பதை அனுமதியின் நிபந்தனையாக்குமாறும் கோருவதற்கு எமக்குப் பூரண உரிமையுண்டு. அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஓர் உத்தரவு போதும்.

‘சுழியோடும் கலையே ஆங்கிலத்தில் வந்ததுதானே? அதைத் தமிழிற் சொல்ல முடியுமா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். இதைக் கேட்டபோது எனக்கு நகைப்பும் வந்தது, சினமும் வந்தது. மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்கள் எம்மொழியில் குளித்தார்கள்? 1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. சிலாபத்துறையிலும் அரிப்பிலும் மறிச்சுக்கட்டியிலும் மணல்வெளியிலே திடீர் நகரங்கள் எழுந்தன. தமிழரும் சோனகரும் அராபியரும் அங்கே கூடினர். காலிலே கல்லைக் கட்டி ஒருவன் இறங்குவான். கயிற்றைப் பிடித்தபடி இன்னொருவன் தோணியில் நிற்பான். ஒரு மூச்சு, ஏறக்குறைய ஒரு நிமிடம். கயிறு அசைந்தால் இழுக்கவேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானையே நிறுத்துவார்களென்று சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் தாலியறுவதை அவன் விரும்பமாட்டானல்லவா? சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’க்குப் பிரித்தானிய அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் துரைமாருக்கு நம்பிக்கையில்லை. குளிப்பவனின் நெஞ்சு திடமாயிருந்தாலன்றிச் சிப்பி வராதென்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதாவது, நீரிலிறங்குபவன் தன் மொழியில் தைரியம் பெறவேண்டும் என்பதை அந்நிய அரசாங்கம் கண்டுகொண்டது. நம் நாட்டுச் சுற்றுலா முதலாளிமார் இன்னுங் கண்டுகொள்ளவில்லை.

முதுகுச் சிலிண்டர் வந்த கதை அண்மையது. 1943இல் பிரான்சு தேசத்து கூஸ்ரோவும் கான்யானும், இழுக்கும் மூச்சுக்கேற்பக் காற்றை விடும் கருவியை ஆக்கினர். அதற்குள்ளிருப்பது தனிப் பிராணவாயு என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, அது நாம் மூச்சுவிடும் இதே காற்றை அமுக்கி அடைத்தது. அக்கருவி இலங்கைக்கு வந்து பத்தாண்டும் நிரம்புமுன்னரே எழுத்தாளர் ஆதர் கிளார்க்கும் மைக் வில்சனும் அதனோடு நம் கடலில் இறங்கினர். 1956இல் திருகோணமலைச் சுவாமிமலையின் அடிவாரத்தில், போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய திருக்கோணேச்சரத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் அவர்கள் கண்டனர். கொழும்பிலே நம் மொழியைக் காரியாலயங்களிலிருந்து வெளியேற்றிய அதே ஆண்டு அது. நம் முன்னோரின் கற்களை நீருக்கடியில் முதன்முதல் படம்பிடித்தவர்கள் ஆங்கிலேயர். அதற்காக அவர்களுக்கு நன்றி கூறுவோம். ஆனால், அந்தக் கடலிலே பரம்பரை பரம்பரையாகச் சுழியோடியவர்களின் பேரப்பிள்ளைகள் எழுபது ஆண்டுகள் சென்றபின்பும் அதே பாறைக்குப் பிறரை ஏற்றிச் செல்லும் படகோட்டிகளாக மட்டும் நிற்பதற்கு யாரிடம் நன்றி கூறுவது?

அந்தப் படகோட்டியின் காலை மறந்துவிடவில்லை. மாலையில் கரையில் அமர்ந்து அவரே கூறினார். இளமையில் சங்கு குளித்தவர். பின்னர் சிலிண்டர் வந்தது. கடலட்டைக்கு நல்ல விலை வந்தது. சம்மாட்டி சிலிண்டரைத் தந்தார். பயிற்சியை யார் தருவார்? ஒரே நாளில் நான்கு, ஐந்து சிலிண்டர். ஆழம் எவ்வளவென்று காட்டும் கருவி இல்லை. நேரம் பார்க்கக் கைக்கடிகாரமும் இல்லை. காற்று முடிந்ததும் ஒரே எத்தில் மேலே வருவதுதான் முறை. ஆழத்தில் அழுத்தத்தோடு உள்ளிழுத்த காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கும். மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியேறும். விரைந்தேறினால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளே குமிழியாகிவிடும். ஒரு நாள் கரைக்கு வந்து இறங்கியபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை என்றார். ஓராண்டு படுக்கை. ஒரு கால் திரும்பி வந்தது. மற்றது பாதிதான் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் புத்தளக் கரையிலும் இவரைப்போல் முடமானவர்கள் பலர். நாம் முந்நூறு படிகள் கட்டிய கோயிலுக்கு ஏறிப்போய் நலம் வேண்டுகின்றோம். ‘மெல்ல ஏறு’ என்ற இரண்டு சொற்களை இவர்களுக்கு உரிய காலத்திற் சொல்ல ஆளில்லாது போயிற்று.

ஆகவே இவ்வாண்டுப் பயணத்தை எவ்வாறு திட்டமிடுகின்றோம் என்பதைச் சிறிது விரித்தே எழுதுகின்றேன். வெள்ளவத்தையிலும் பிற இடங்களிலும் உள்ள சங்கங்கள் இவ்வாறு செல்ல எண்ணினால் பயன்படும்.

காலம் முதலில். சோழகம் வீசும் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையில் கிழக்குக் கடல் தெளிந்திருக்கும். அக்காலத்தில் நமது கொழும்புக் கடல் கொந்தளிக்கும். கார்த்திகைக்குப் பின்னர் நிலை மாறும். மேற்கே அமைதி, கிழக்கே வாடை. கிழக்கிலும் பிற்பகலில் கச்சான் காற்று எழுந்தால் படகு ஆடும், கண்ணும் கலங்கும். ஆதலின் காலை ஏழரைக்குப் படகில் இருத்தல் வேண்டும். அதற்கு முதல்நாளே நிலாவெளிக்குச் சென்று தங்குதல் அவசியம். போன முறை இரவிரவாக வானிலே பயணஞ்செய்து, உறக்கமின்றி நேரே கடலில் இறங்கினோம். அது இரண்டாவது மடமை. முதல்நாள் இரவில் மதுபானம் தொடுபவர் மறுநாள் படகில் ஏறார். இது சங்கத்தின் தீர்மானம். எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர். பெயரை வெளியிடவில்லை!

உடல்நலக் கேள்விகள் அடுத்தது. ஆஸ்துமா, இருதயநோய், வலிப்பு, காதிலே சீழ், அண்மையில் நடந்த சத்திரசிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றுள்ளவர் வைத்தியரின் எழுத்துமூல அனுமதியின்றி இறங்கலாகாது. தடிமன் பிடித்திருப்பவரும் அன்று இறங்கலாகாது. காதும் மூக்கும் அழுத்தத்தைச் சமன்செய்ய மாட்டா. இவற்றை மறைப்பதில் நம்மவர் வல்லவர். ‘செலவழித்து வந்துவிட்டேனே’ என்ற எண்ணம் உண்மையை விழுங்கிவிடும். அதனால் இறங்காதவருக்குப் பணத்தில் பாதியைத் திருப்பித் தருவதென முடிவு செய்துள்ளோம். பொய் சொல்ல அவசியம் இல்லாதிருக்க வேண்டும்.

காலை ஒருமணி நேரம் இடுப்பளவு நீரிலே பயிற்சி. முகமூடிக்குள் புகுந்த நீரை ஊதி வெளியேற்றல், வாயிலிருந்து நழுவிய காற்றுக்குழாயைத் தேடிப் பிடித்தல், காதைச் சமன்செய்தல், நான்கு சைகைகள். வளையம் நலம், பெருவிரல் மேலே, கையை விரித்து இருபுறமும் ஆட்டினால் ஏதோ பிழை, கழுத்தை அறுப்பதுபோற் காட்டினால் காற்றில்லை. இந்நான்கையும் ஒவ்வொருவரும் தம் வாயால் தமிழில் திருப்பிச் சொல்லவேண்டும். தலையசைப்பு ஏற்கப்படாது. இது சாட்சிக் கூண்டில் நாம் பின்பற்றும் வழக்கம். சாட்சி தலையசைத்தால் நீதிபதி, ‘வாயால் சொல்லும்’ என்பார்.

ஒரு வழிகாட்டிக்கு நால்வருக்கு மேல் கூடாது. முதன்முறை இறங்குபவர் எவரும் பன்னிரண்டு மீற்றரைத் தாண்டார். உருளையின் அழுத்தம் இருநூறிலிருந்து நூறாகக் குறைந்ததும் திரும்பும் வேளை. ஐம்பதுக்கு முன்னர் மேலே. ஏறும் வேகம் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாது. ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நின்று ஏறுதல். புறப்படுமுன் படகிலே மருத்துவப் பிராணவாயு உண்டா, நோயாளிக்கு அழுத்த அறை தேவைப்பட்டால் எங்கே கொண்டுசெல்வது, யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று கேட்டு எழுதி வைப்போம். இவற்றுக்கு மறுமொழி சொல்லத் தயங்கும் நிறுவனத்திடம் பணங் கட்டமாட்டோம்.

சுழியோடியபின் அன்றிரவே கொழும்புக்குத் திரும்புதல் இல்லை. விமானமேறுபவர் ஆயின் பதினெட்டு மணி நேரமாவது பொறுத்தல் வேண்டும். விமானம் நமக்கெதற்கு எனலாம். ஆனால் போன முறை எங்களுட் சிலர் ‘வந்ததுதான் வந்தோம், நுவரெலியாவையும் பார்த்துவிட்டுப் போவோம்’ எனத் துடித்தனர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு மீற்றர் உயரம்! உடம்பினுள் எஞ்சிய நைதரசனுக்கு மலையும் விமானமும் ஒன்றே. மறுநாள் காலை ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியே தாழ்நிலத்திலேயே திரும்புவோம்.

இத்துணை கட்டுப்பாடு எதற்கு? அங்கே என்னதான் உண்டு? உண்டு, அன்பர்களே! போன முறை நான் கண்டது பதினைந்து நிமிடமே. மான்கொம்பு போலக் கிளைத்த முருகைக்கல் காடு. அதனைக் கடித்து நொறுக்கும் கிளிமீன்களின் பல்லோசை காதிற் கேட்டது. வண்ணாத்தி மீன்கள் சோடி சோடியாகச் சென்றன. செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று என்னைப் பொருட்படுத்தாமலே கடந்து போயிற்று. ஓர் அரசியல்வாதிக்கு அது நல்ல பாடம். ஆழஞ் செல்லச் செல்லச் சிவப்பு நிறம் முதலில் மறைகின்றது. என் பக்கத்தில் இறங்கியவரின் சிவப்புச் சட்டை சாம்பல் நிறமாயிற்று.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் உள்ள இத்தீவு, பிரித்தானியர் காலத்தில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்தது. 1963இல் சரணாலயமாயிற்று, திருக்கோணேச்சரம் மீண்டும் குடமுழுக்குக் கண்ட ஆண்டும் அதுவே. 2003இல் தேசிய பூங்காவாயிற்று. 1998இல் கடல்நீர் வெம்மையுற்று ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் முருகைக்கற்கள் வெளிறி மாண்டபோது, இப்பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. ஆனால் வெயிலுக்குத் தப்பியது காலுக்குத் தப்பவில்லை. போர் ஓய்ந்தபின் விடுமுறை நாட்களிற் குவியும் கூட்டம் ஆழமற்ற இடத்தில் கற்களின் மேலேயே ஏறி நிற்கின்றது. ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரோ சில சென்ரிமீற்றரோ வளரும் உயிர் ஒரு மிதியில் ஒடிகின்றது. அதில் ஏறி நின்றவருள் நம்மவரும் இருந்தனர். ‘அது கல்தானே?’ என்றார் ஒருவர். கல்லன்று, உயிரென்று அவருக்கு எவரும் தமிழிற் சொல்லவில்லை. மொழிக் குறைவு மனிதனை மட்டும் வருத்தவில்லை.

இம்முறை நிறுவனத்தோடு செய்துகொள்ளும் உடன்பாட்டில் மூன்று விடயங்களை எழுத்தில் வைத்துள்ளேன். படிவமும் விளக்கவுரையும் தமிழில் இருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பை நாமே செய்து கொடுப்போம். படகு உள்ளூரவரின் படகாயிருத்தல் வேண்டும். கூலி படகோட்டியின் கையிலேயே, பற்றுச்சீட்டுடன். மூன்றாவது, நிலாவெளி அல்லது குச்சவெளிப் பகுதி இளைஞர் இருவர் நம்மோடு பயிற்சியில் இறங்குவர். அவர்களுக்கான முதற்படிச் சான்றிதழ்க் கட்டணத்தைச் சங்கம் செலுத்தும். ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம்; இருவரும் கடற்றொழிலாளர் குடும்பத்தவர். அவர்கள் வழிகாட்டிகளாவதற்கு இன்னும் பல படிகள் உண்டு. பாடநூலும் பரீட்சையும் ஆங்கிலத்தில் உள்ளமையால் எங்கள் சங்கத்து ஆசிரியை ஒருவர் வாரமிருமுறை தொலைபேசி வழியே கற்பித்து வருகின்றார். முதலிரண்டு நிறுவனங்கள் இந்நிபந்தனைகளைக் கேட்டுச் சிரித்தன. மூன்றாவது ஒப்புக்கொண்டது, பன்னிருவரின் பணம் சிறு பணமன்று.

ஆனி மாதத்து இரண்டாவது சனிக்கிழமைக்கு இதுவரை பதினான்கு பேர் பெயர் கொடுத்துள்ளனர்; ஐவர் பெண்கள். மூக்கில் இரத்தம் வடித்த வாலிபரின் பெயர் பட்டியலில் முதலாவதாக உள்ளது. அவருடைய தாயார் என்னிடம் வந்து, தமிழ்ப் படிவத்தைத் தம் கையிலெடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்த பின்னரே மகனை ஒப்பமிடச் சொன்னார். படிவத்தின் உடல்நலப் பகுதியில் இரண்டு மருத்துவச் சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. அவற்றைத் திருத்திக்கொண்டிருக்கின்றோம். இப்பணியில் உதவக்கூடிய வைத்தியர் எவரேனும் இருந்தால், பத்திரிகையின் முகவரிக்கு எழுதுவாராக.